குலையாக வாங்கினால் இலாபமா?

மூன்று பிள்ளைகளுக்குத் தாயான வாசகி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினாவை அனுப்பியிருக்கின்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் பாடசாலைக்குச் செல்லும்போது, இடைவேளைக்கென்று நாடோறும் ஆளுக்கொரு சிறு பொதியைச் சந்திக் கடையில் வாங்குவது வழக்கமாம். பழக்களியிற் செய்த இனிப்பு, மாம்பழ வற்றல், பழச்சாற்றுப் பெட்டி என்று அது நாளுக்கொரு வகையாக அமையும். மாத முடிவிற் கணக்குப் பார்த்தால், இச்சிறு பொதிகளுக்குச் சென்ற பணம் மின்கட்டணத்தை எட்டிப் பிடித்து நிற்கின்றது. "மொத்தக் கடையிற் பெட்டியோடு வாங்கிவிட்டால் மிச்சம்" என்கின்றார் கணவர். "பெட்டியும் வேண்டாம், பொதியும் வேண்டாம், ஒரு வாழைக்குலையை வாங்கிக் கட்டித் தூக்கு, பிள்ளை" என்கின்றார் மாமியார். இருவருள் எவர் சொல்வது சரி என்பதே வினா.

தாய்க்கும் மகனுக்கும் இடையில் நடுவராக அமரும் துணிவு எனக்கில்லை. ஆயினும், கணக்கை நடுவராக அமர்த்தினால் இருவரும் மனவருத்தம் கொள்ளார் என்று நம்புகின்றேன்.

வினா சிறியதாகத் தோன்றினும் அதன் பின்னே நிற்கும் கவலை சிறியதன்று. 2022ஆம் ஆண்டு இந்நாட்டு மக்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்தது. அஃதாவது, ஓராண்டுக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்குதற்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டியிருந்தது. பின்னர்ப் பணவீக்கம் இறங்கியது உண்மையே. ஆனால், பணவீக்கம் இறங்குவது வேறு, விலை இறங்குவது வேறு என்பதைப் பொருளியல் பயிலும் மாணவர் அறிவர். பயிலாத தாய்மார் அவரினும் நன்கறிவர்.

அக்காலத்திற் குடும்பங்கள் எதனைக் குறைத்தன? அரிசியைக் குறைத்தல் இயலாது. பிள்ளையின் கொப்பியையும் பேனையையும் குறைத்தல் இயலாது. மீனும் முட்டையும் பாதியாயின; பழமோ அடியோடு வெளியேறிற்று. கோயிலுக்கும் நோயாளிக்கும் மாத்திரம் உரிய பொருளாகப் பழம் மாறிய வீடுகள் பல. அவ்வாறு வெளியேறிய பழம் இன்னும் முழுமையாகத் திரும்பி வந்து சேரவில்லை. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டவை, பழத்தின் படத்தை மேலே அச்சிட்ட சிறு பொதிகள்.

உலக சுகாதார நிறுவனம், ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணல் வேண்டும் என்று கூறுகின்றது. அதிற் பாதியைப் பழமாகக் கொண்டாலும், ஐவர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ பழம், தோலும் கொட்டையும் நீங்கலாக, வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழ்பவர் இதனைச் சில்லறை விலையில் நாடோறும் வாங்குவது எளிதன்று. ஆதலின், மொத்தமாக வாங்கலாமா என்ற கேள்வி ஆசையிற் பிறந்ததன்று, தேவையிற் பிறந்தது.

முதலிற் கணவரின் கட்சியை ஆராய்வோம். பெட்டியோடு வாங்கினால் ஒரு பொதியின் விலை குறையும் என்று அவர் கூறுவது பெரும்பாலும் மெய்யே. சிறு பொதி என்பது சில்லறைக் காசு மட்டுமே கையிலுள்ளவரைக் கருதிச் செய்யப்பட்ட பண்டம். கடைவாயிலிற் சரமாகத் தொங்கும் பொதியின் விலை குறைவாகத் தோன்றும். ஆனால் அதன் நிகர நிறையைப் பார்த்து, 100 கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால், பெரிய பொதி வாங்குபவரினும் சிறிய பொதி வாங்குபவரே மிகுதியாகக் கொடுக்கின்றார் என்பது தெரியவரும். கையிற் பணம் குறைந்தவனே கிராமுக்கு அதிக விலை கொடுக்கின்றான் என்பது வாணிகத்தின் கொடுமைகளுள் ஒன்று. ஆயினும், பெரிய பொதி எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புதலும் தவறு. சில பெட்டிகள், சிறு பொதிகளை அடுக்கி மேலே வண்ணத்தாள் சுற்றியவையே; நிறையும் விலையும் ஒரு சதமும் மாறாதிருக்கக் காணலாம். மாணவர்கள் அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது வகுத்தற் கணக்கை அங்கேயே செய்து பார்ப்பாராக. பாடப் புத்தகத்திலுள்ள விகிதக் கணக்கினும் இது சுவையானது.

விலையை அறிந்த பின்னர் அடக்கத்தையும் அறிதல் வேண்டும். பொதியின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்திற் சேர்பொருட்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நிறையில் எது மிகுதியோ அது முதலில் நிற்கும் என்பது அவ்வரிசையின் முறை. முதலிற் சீனியும் அடுத்துக் குளுக்கோசுப் பாகும் நின்று, பழம் நான்காவது ஐந்தாவது இடத்தில் ஒதுங்கி நின்றால், நாம் வாங்குவது பழமன்று. பழவாசனை ஊட்டிய சீனியே. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானங்களுக்கும், 2019ஆம் ஆண்டு முதல் திண்ம உணவுகளுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளங்கள் விதிக்கப்பட்டன. எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும் பாட்டிமாருக்கு நிறத்தைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியதில்லை. பழச்சாற்றுப் பெட்டியைப் பற்றி ஒரு சொல்: முழுப் பழத்திலுள்ள இயற்கைச் சீனியைக் குறைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறவில்லை. ஆனால் பழத்தைப் பிழிந்து சாறாக்கிய பின்னர், அதே சீனி, மேசைச் சீனியோடு சேர்த்து எண்ணப்படும் கட்டுப்படுத்தத்தக்க சீனியாகிவிடுகின்றது.

எனவே கணவர் விலையைச் சரியாகக் கணித்தார்; பண்டத்தைத்தான் கணிக்கவில்லை. வேண்டாத பொருளை மலிவாக வாங்குதல் மிச்சமாகாது. அன்றியும், இனிப்புப் பெட்டிக்கு வேறொரு குணமுண்டு. வீட்டில் அது திறந்திருக்கும் வரை பிள்ளைகளின் கையும் திறந்தே இருக்கும். ஒரு மாதத்துக்கென்று வாங்கிய பெட்டி பத்து நாளில் வெறும் அட்டையாகும். பதினோராம் நாள் மறுபடியும் சந்திக் கடை.

பொதியிட்ட பண்டங்களுள் விலக்காக நிற்பவை சில உண்டு. பேரீச்சம்பழம் அவற்றுள் முதன்மையானது. இசுலாமிய அன்பர்களின் நோன்பு காலத்தையொட்டி அது பெருந்தொகையாக வந்து இறங்கும், மாதக்கணக்கிற் கெடாதிருக்கும், சீனி சேர்க்க வேண்டியதுமில்லை. அதனைப் பெரும் பொதியாக வாங்குவதில் நட்டமில்லை. சீனி சேர்க்காத முந்திரிகை வற்றலும் அத்தகையதே. பொன்னிறம் மங்காதிருக்கும் வற்றல் வகைகளிற் கந்தக ஈரொட்சைட்டு என்னும் காப்புப்பொருள் சேர்ந்திருக்கும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமற் போகக்கூடும் என்பதால், அத்தகைய வீட்டார் பின்புறத்தை வாசித்து வாங்குதல் நன்று.

இனி மாமியாரின் கட்சி. வாழைக்குலை.

சந்தையிற் பழக்கடைக்காரர் என்னைக் காணும்போதெல்லாம் கூறும் வாசகம் ஒன்றுண்டு: "மாஸ்டர், சீப்பாய் வாங்கினா உங்களுக்குத்தான் நட்டம், குலையாய்க் கொண்டு போங்கோ." அவர் சொல்லிற் பொய்யில்லை. அவர் சொல்லாது விட்ட பகுதியிலேதான் கணக்கு இருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக்கொள்வோம். விலை இடத்துக்கிடம் மாறுமாதலால், எண்களைக் கணக்குக்காக மாத்திரம் கொள்க. சீப்பாக வாங்கினால் கிலோ 200 ரூபா. குலையாக வாங்கினால் 150 ரூபா. குலையின் நிறை 12 கிலோ எனின், விலை 1,800 ரூபா. பன்னிரண்டு கிலோவும் வயிற்றுக்குள் சென்றால் கிலோ 150 ரூபாவாகவே நிற்கும்; 600 ரூபா மிச்சம். மூன்று கிலோ அழுகிப்போய் ஒன்பது கிலோவே உண்ணப்பட்டதாயின், 1,800ஐ 9ஆல் வகுக்க 200 வரும். ஒரு சதமும் மிச்சமில்லை. நான்கு கிலோ ஆட்டுக்குச் சென்றால் கிலோ 225 ரூபா. ஆடு மகிழும், வீட்டுக்காரர் சில்லறை விலையினும் அதிகம் கொடுத்தவராவார். விலையில் நூற்றுக்கு எத்தனை குறைத்தார்களோ, பழத்தில் நூற்றுக்கு அத்தனை வீணானால் மொத்தக் கொள்வனவின் பயன் முற்றும் அழிந்துவிடும். இங்கே 25 வீதக் கழிவு. 25 வீதச் சேதம். இதற்கு அட்சரகணிதம் கூட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்து எண்ணல் வேண்டும். குலையைத் தண்டோடு நிறுத்தால், தண்டுக்கும் பழத்தின் விலையே கொடுக்கின்றோம். ஒரு கிலோ நிறையுள்ள தண்டு 150 ரூபா. தண்டை நீக்கி நிறுக்கும் வியாபாரியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் அவரை எளிதில் விட்டுவிடலாகாது.

இப்பொழுது அந்தக் குலை வீட்டுக்கு வந்து விறாந்தையில் தொங்குகின்றது. சிறிய கதலியாயின் 12 கிலோவில் நூறு முதல் நூற்றைம்பது பழம் வரை இருக்கும். ஐவர் உள்ள வீட்டிற் பெரியவர் இருவரும் நாளுக்கு ஒவ்வொன்றும், பிள்ளைகள் மூவரும் இவ்விரண்டும் உண்டால் எட்டுப் பழம். பழுக்கத் தொடங்கிய குலை ஐந்தாறு நாளிலேயே முற்றும் கனிந்துவிடும். எட்டை ஆறாற் பெருக்க நாற்பத்தெட்டு. எஞ்சியவை எங்கே போகும்? முதல் நாள் ஆவலோடு பறித்துத் தின்ற பிள்ளை, நான்காம் நாள் குலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இனிப்புப் பெட்டி விரைவில் தீர்ந்துபோய் நட்டம் விளைவிக்கும். பழக்குலை தீராமலிருந்து நட்டம் விளைவிக்கும். இரண்டின் குணமும் நேர்மாறு.

குலை ஏன் இவ்வாறு ஒருசேரக் கனிகின்றது என்பதை அறிந்தால் அதனை ஓரளவு அடக்கி ஆளலாம். 1901ஆம் ஆண்டில் ருசிய நாட்டு மாணவரான நெலியுபோவ் என்பவர், விளக்கெரிக்கும் வாயுவிற் கலந்திருந்த எதிலீன் என்னும் வாயு, பட்டாணி முளைகளின் வளர்ச்சியைத் திரித்துவிடுவதைக் கண்டார். 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேன் என்ற ஆராய்ச்சியாளர், கனியும் பழம் தானே அந்த எதிலீனை வெளிவிடுகின்றது என்று நிறுவினார். ஒரு பழம் கனியத் தொடங்கினால் அது விடும் வாயு அயலிலுள்ள காய்க்கும் செய்தி சொல்லிவிடுகின்றது. நம் முன்னோர் வாழைக்குலையைக் குழியிலிட்டு மூடிப் புகை போட்டதன் தத்துவமும் இதுவே. புகையில் எதிலீன் உண்டு. வாயுவின் பெயரை அவர்கள் அறியார், வேலையை அறிந்திருந்தார்கள்.

ஆகவே பழத்தை விரைவாகக் கனிவிக்க வேண்டுமாயின், ஒரு சீப்பை வெட்டி, கனிந்த மாம்பழம் ஒன்றோடு சாக்கிலோ பெட்டியிலோ இட்டுக் கட்டுக. தாமதிக்க வேண்டுமாயின், சீப்புகளைத் தனித்தனியே வெட்டி, காற்றோட்டமான நிழலில், ஒன்றுக்கொன்று எட்டமாக, கனிந்த பழங்களிலிருந்து அகற்றி வைக்க. குலையின் மேற்சீப்புகள் மூத்தவை. அவை முதலிற் பழுக்கும். அடிச்சீப்புகள் இளையவை. மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்தால் சில நாள்களை நாம் விலையின்றிப் பெறலாம். காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தலாகாது. 13 பாகை செல்சியசுக்குக் கீழே வாழைக்காய் நலிந்துவிடும். பின்னர் ஒழுங்காகப் பழுக்காது. கனிந்த பழத்தை வைக்கலாம். தோல் கறுக்குமே தவிர உள்ளே பழம் கெடுவதில்லை. தோலைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்தால் போதும்.

இவ்வளவு செய்தும் எஞ்சுவது எஞ்சும். அதற்கென்று இரு வழி உண்டு. ஒன்று, வாய்ப்பன். மிகக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழமே அதற்குச் சிறந்தது. கறுத்த பழத்தைப் பார்த்ததும் எறியாமல், கோதுமை மாவை எடுக்கும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. எண்ணெயின் விலையையும் இக்கணக்கிற் சேர்க்க வேண்டும் என்று கணவர் கூறக்கூடும். கூறட்டும், அவர் கூறுவது சரியே.

மற்றைய வழி அயலவர். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு குலையை வாங்குவதைப் பார்த்து வருகின்றேன். குலை ஒருவர் வீட்டு விறாந்தையில் தொங்கும். நிறையை அறிந்து காசை மூன்றாகப் பிரிப்பர். சீப்பைச் சுற்று முறையில் எடுப்பர். வழக்கும் தீர்ப்பும் வேலியோரத்திலேயே நடைபெறும்.

"அக்கை, போன முறை மேற்சீப்பு உங்களுக்குத்தானே வந்தது? இந்த முறை எங்களுக்கு விடுங்கோ. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பழம் வேணும்."

"எடு பிள்ளை. ஆனா அடிச்சீப்பை எனக்கு வை. பேரப்பிள்ளையள் கிழமை முடிவிலைதான் வருவினம்."

நாற்பத்தெட்டை மூன்றாற் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. குலை தீர்ந்தது; ஆட்டுக்குத் தோலே மிச்சம். தனிக் குடும்பத்துக்கு நட்டமாக இருந்த அதே குலை, அதே விலையில், மூன்று குடும்பத்துக்கு இலாபமாகிவிட்டது. அன்றியும், ஒரேயடியாக 1,800 ரூபா கொடுக்க இயலாத வீட்டுக்கும், 600 ரூபாவோடு மொத்த விலையின் பயன் கிட்டுகின்றது. சிறு பொதி வாங்குபவன் கிராமுக்கு அதிகம் கொடுக்கின்றான் என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? அதற்கு மாற்று இதுவே. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலே நெசவாளர் முதலிய தொழிலாளர் இருபத்தெண்மர் சேர்ந்து தமக்கென ஒரு கடையைத் திறந்தனர். கோதுமை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகிய சிலவே அங்கிருந்த சரக்கு. உலகெங்கும் பரந்த கூட்டுறவு இயக்கத்தின் வித்து அக்கடை. நம் ஊர்களிற் சங்கக் கடையிற் சாமான் வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலியோரத்து வாழைக்குலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பதிவு செய்யவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

எல்லாப் பழத்தையும் குலைபோற் காயாக வாங்கி வைத்தல் இயலாது. மா, வாழை, பப்பாசி, பலா, கொய்யா என்பவை பறித்த பின்னும் கனியும். அன்னாசி, தோடை, முந்திரிகை, மாதுளை என்பவை பறித்தபோது எவ்வாறிருந்தனவோ அவ்வாறே இருக்கும், இனிப்புக் கூடுவதில்லை. புளிக்கும் தோடம்பழத்தை நாலு நாள் வைத்தால் வாடிய புளித் தோடம்பழமே கிடைக்கும். தோடை சில நாள் தாங்கும், முந்திரிகைப்பழம் தாங்காது. அதனை மலிவென்று பெட்டியாக வாங்குபவர் விருந்துக்கு ஆள் அழைத்துவிட்டு வாங்குதல் நன்று.

மாம்பழத்தைக் காயாக வாங்குவதில் விலையை விடப் பெரிய நன்மை ஒன்றுண்டு. சந்தையிற் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தோடு, ஆனால் மணமின்றி இருக்கும் மாம்பழத்தைக் கண்டிருப்பீர்கள். கல்சியம் காபைட்டு என்னும் கல்லை வைத்துப் பழுக்கச் செய்தவை அவ்வாறு இருப்பதுண்டு. அக்கல்லில் ஆசனிக்கு, பொசுபரசு ஆகிய நச்சுப் பொருள்களின் கலப்பு இருக்கக்கூடும். முற்றிய காயை வாங்கி வந்து வீட்டிலே வைக்கோலிற் பரப்பி மூடினால், கல்லைப் பற்றிய ஐயமே இல்லை. வைகாசி, ஆனி மாதங்களிற் கறுத்தக்கொழும்பான் ஊரெங்கும் குவியும் காலத்தில், ஒரு கடகம் காயை இரண்டு மூன்று வீட்டார் பங்கிட்டால் பிள்ளைகளின் இடைவேளைக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அப்பழத்தைத் தின்றுவிட்டுப் பொதி இனிப்பைக் கேட்கும் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

மொத்தமாகப் பழத்தைச் சேர்த்து, ஆண்டு முழுதும் தின்னும் பண்டமாக்கும் கலை நமக்குப் புதியதன்று. பனாட்டை எண்ணிப் பாருங்கள். ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழும். விடியற்காலையிற் கடகத்தோடு சென்று பொறுக்கி வருவார்கள். தோலை உரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிழிந்து வடித்து, உயரமாகக் கட்டிய பந்தலின் மேல் விரித்த ஓலைப்பாயில் ஊற்றிப் பரப்புவார்கள். அன்று ஊற்றியது காய்ந்ததும் அதன்மேல் மறுநாள் இன்னொரு படை. இவ்வாறு நாட்கணக்கிற் படைமேற் படையாக ஏறித் தடித்த பின்னர், பாயிலிருந்து உரித்துத் தட்டுத் தட்டாக மடித்து, பெட்டியிலிட்டு, அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றிவிடுவார்கள். பனங்கட்டிப் பாணியில் ஊறவைத்தால் அது பாணிப்பனாட்டு. ஐப்பசி மழைக்கு முன்னர் வேலை முடிந்திருத்தல் வேண்டும். மழை முந்திவிட்டால் பாயும் பாடும் வீண். சில மரத்துப் பழம் கைக்கும். பிளாபெலிபெரின் என்னும் பொருளே அக்கைப்புக்குக் காரணம் என ஆராய்ச்சியாளர் பிற்காலத்திற் கண்டனர். எந்த வடலி கைக்கும், எந்த வடலி இனிக்கும் என்று வளவுக்காரர் அதற்கு முன்னரே அறிவர்.

இங்கே நம் கணக்குக்கு வேண்டிய செய்தி யாதெனில், அந்தப் பனம்பழக் குவியலில் வீணானது எதுவுமில்லை. களி பனாட்டாயிற்று, ஒருபகுதி பனங்காய்ப் பணியாரமாயிற்று. பிழிந்த சக்கையை மாடு தின்றது. விதையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவியாமற் காயவைத்தால் ஒடியல். முளைத்த விதையைப் பிளந்தால் உள்ளே பூரான். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். எஞ்சிய ஊமல் அடுப்புக்கு. வண்டிக்கணக்கிற் பழம் வந்தபோதும் நட்டம் வராமைக்குக் காரணம், வருகின்ற ஒவ்வொரு பகுதிக்கும் போகின்ற இடம் முன்னரே ஆயத்தமாக இருந்தமையே. நாம் குலையை வாங்கும்போது இடத்தை ஆயத்தம் செய்வதில்லை. விலையை மாத்திரம் பேசுகின்றோம். போரிற் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. எஞ்சிய மரங்களின் பழம் பல வளவுகளில் விழுந்த இடத்திலேயே கிடந்து உக்குகின்றது. அவ்வளவுக்கு எதிரே உள்ள கடையில் வெளிநாட்டுப் பழவற்றல் பொதி தொங்குகின்றது.

பனாட்டுப் பந்தல் கட்ட இக்காலத் தாய்மாருக்கு நேரமும் வளவும் இல்லாதிருக்கலாம். மாம்பழ வற்றலுக்கு அத்துணை ஆரவாரம் வேண்டியதில்லை. மாம்பழச் சதையிற் பெரும்பகுதி நீர். ஐந்து கிலோ சதையைக் காயவைத்தால் ஒரு கிலோ வற்றல் அளவிலேயே கிடைக்கும். தோலும் கொட்டையும் வேறு கழியும். ஆகவே கடை வற்றலின் விலையைக் கண்டு திகைப்பவர், காலமல்லாக் காலத்திற் கிலோ கணக்கிற் பழம் வாங்கிக் காயவைக்க முற்பட்டால் அதனினும் அதிகம் செலவாகும். வளவில் மரம் உள்ளவர்க்கும், பழம் மலிந்து விழும் வாரங்களிற் கடகமாக வாங்குபவர்க்குமே இது கட்டும்.

காலமோ நமக்கு வாய்ப்பானது. மா பழுக்கும் மாதங்களிலேதான் யாழ்ப்பாணத்திற் சோளகக் காற்று வறண்டு வீசுகின்றது. கனிந்தும் உறுதி குலையாத பழத்தைத் தோல் சீவி, விரற்கடையிற் பாதித் தடிப்புக்கு மேற்படாமல் அரிந்து, சுத்தமான சுளகிலோ தட்டிலோ ஒன்றோடொன்று தொடாமற் பரப்பி, மேலே மெல்லிய வலைத்துணியால் மூடி வெயிலில் வைக்க. மாலையிற் பனி விழுமுன் உள்ளே எடுக்க. மறுநாள் திருப்பிவிடுக. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், வளைத்தால் முறியாமல் வளைந்து, அழுத்தினால் ஈரம் கசியாத பதம் வரும். முற்றும் ஆறிய பின்னர், ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி, ஒரு வாரம் நாடோறும் குலுக்கிப் பார்க்க. போத்தலின் உட்புறம் வியர்த்தால் மீண்டும் ஒரு நாள் வெயில். பூஞ்சணம் கண்டால் அந்தப் போத்தலை முழுவதும் கழித்துவிடுக. மேலே உள்ளதை மாத்திரம் கிள்ளி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பிள்ளைக்குக் கொடுத்தலாகாது.

பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு துண்டு போதும். ஒட்டும் பண்டமாதலால் தின்றதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். போத்தலின்மேல் நாளை எழுதி ஒட்டி, முந்தியதை முந்தி எடுக்க. எறும்பு எட்டாத இடம் எந்த வீட்டிலும் எளிதிற் கிடைக்கும். பிள்ளைகள் எட்டாத இடத்தை வாசகி தாமே தேடிக்கொள்வாராக.